மார்க்க அறிஞர், மருத்துவ மேதை இப்னு நஃபீஸ் (ரஹ்)

மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று பிரித்துப் பேசும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இலக்கியம் பயில்வோருக்கு அறிவியல் எதற்கு என்பாரும், மருத்துவம் பயில்வோருக்கு மெய்ப்பொருள் எதற்கு என்பாரும் நம் நடுவே பலர். இவ்வேலிகளை அறியாத காலமொன்று இருந்தது. காலையில் மதரஸாவில் சட்டநூல் கற்பித்து, பகலில் மருத்துவமனையில் நோயாளரைக் கண்டு, இரவில் இலக்கணமும் தருக்கமும் எழுதிய பெருமக்கள் அக்காலத்தில் வாழ்ந்தனர். அவருள் தலைசிறந்தவர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் என்னும் இயற்பெயருடைய அறிஞர் இப்னு நஃபீஸ் (ரஹ்) ஆவார். அவரது வாழ்வை எண்ணிப் பார்ப்பது நம் மாணவச் செல்வங்களுக்குப் பயனுடைத்து.

பிறப்பும் கல்வியும்

சிரியா நாட்டின் திமிஷ்க் நகரை அடுத்த ஊரொன்றில் ஹிஜ்ரி 607ஆம் ஆண்டையொட்டி, அதாவது கி.பி. 1210 அளவில், இவர் பிறந்தார். ஊர்ப்பெயர் பற்றி அல் குரஷி என்ற பெயரும் இவருக்கு வழங்கிற்று. பழைய மருத்துவ நூல்கள் பலவற்றில் இப்பெயராலேயே இவர் குறிக்கப்படுகிறார்.

திமிஷ்க் அந்நாளில் கல்விக்குப் பெயர்பெற்ற நகரம். சுல்தான் நூருத்தீன் ஸங்கி கி.பி. 1154இல் நிறுவிய நூரி மருத்துவமனை அங்கே இயங்கியது. மருத்துவமனையாக மட்டுமன்றிக் கல்லூரியாகவும் விளங்கிய அவ்விடத்தில், ஆசிரியர் நோயாளர் படுக்கைதோறும் சென்று நாடி பார்ப்பார். மாணவர் உடன் செல்வர். பின்னர் கூடத்தில் அமர்ந்து நூல் ஓதி, கண்ட நோயையும் கற்ற நூலையும் ஒப்பிட்டு உரையாடுவர். அக்கட்டடம் இன்றும் திமிஷ்கில் நிற்கின்றது. அங்குத் தலைமை ஆசிரியராய்த் திகழ்ந்தவர் முஹத்தபுத்தீன் அத்தக்வார் என்பவர். தமது இல்லத்தையே மருத்துவக் கல்லூரியாக வக்ஃபு செய்துவிட்டு கி.பி. 1230இல் மறைந்த பெருந்தகை அவர். அவரிடமே இளைஞர் இப்னு நஃபீஸ் மருத்துவம் பயின்றார். கற்ற கல்வி மட்டுமன்றி, ஈட்டியவற்றைப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்லும் பண்பும் அவ்வாசிரியரிடமிருந்தே இவருக்கு வந்தது போலும்.

மருத்துவத்தோடு நில்லாது ஷாஃபி மத்ஹபின் சட்டவியல், ஹதீஸ் கலை, அரபு இலக்கணம், தருக்கம் ஆகியவற்றையும் கற்றுத் தேர்ந்தார். தமிழகக் கடற்கரையூர் முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றி வரும் மத்ஹபு அதுவே என்பதால், இவர் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர்.

கெய்ரோவில்

பின்னர் இவர் எகிப்துக்குச் சென்று கெய்ரோவில் நிலைகொண்டார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்நகரிலேயே கழிந்தது. மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபி சட்டவியல் கற்பித்தார். மருத்துவப் பணியில் உயர்ந்து எகிப்தின் தலைமை மருத்துவர் என்னும் பதவியை அடைந்தார். ஷாஃபி மத்ஹபின் அறிஞர் வரலாறுகளைத் தொகுத்த இமாம் சுப்கீ, தம் பெருநூலில் இவரையும் சட்ட அறிஞர் வரிசையில் வைத்துப் போற்றியுள்ளார். மருத்துவர் ஒருவர் மார்க்க அறிஞர் வரிசையில் இடம்பெற்றது எண்ணத்தக்கது.

நெடிய உருவமும் மெலிந்த உடலும் உடையவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. கெய்ரோவில் சலவைக்கல் பாவிய இல்லம் ஒன்றை எழுப்பினார். அங்கே அமீர்களும் மருத்துவரும் அறிஞரும் வந்து கூடுவர். ஒருநாள் இரவு, வரலாற்றாசிரியரும் காளியுமான இப்னு வாஸில் இவரோடு அறிவு வாதத்தில் ஈடுபட்டார். இஷாத் தொழுகைக்குப் பின் தொடங்கிய உரையாடல் கலை கலையாகத் தாவி விடியும்வரை நீண்டது. இப்னு வாஸில் குரல் உயர்ந்து, கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க வாதிட்டார். இப்னு நஃபீஸோ இருந்த இருப்பில் அமைதியாகவே விடையிறுத்தார். முடிவில் இப்னு வாஸிலே, தம்மிடம் உள்ளவை சில வினாக்களும் நுட்பங்களுமே, இவரிடம் உள்ளவையோ அறிவுக் கருவூலங்கள் என்று மனமார ஒப்புக்கொண்டார்.

இவர் எழுதும் முறையும் வியப்புக்குரியது. சீவி முனைதீட்டிய எழுதுகோல்களைப் பக்கத்தில் அடுக்கி வைப்பர். இவர் சுவரை நோக்கி அமர்ந்து, எந்நூலையும் திருப்பிப் பாராமல், வெள்ளம் பெருகுவது போல் எழுதிச் செல்வார். கோல் மழுங்கினால் அதைச் சீவ நேரம் செலவிடாது எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒருமுறை கெய்ரோவின் பொதுக் குளிப்பகத்தில் நீராடிக்கொண்டிருந்தவர் இடையிலேயே வெளியே வந்து, உடை மாற்றும் அறையில் அமர்ந்து, மையும் தாளும் கொணரச் செய்து, நாடியைப் பற்றி ஒரு சிறுநூலை எழுதி முடித்து, பின்னர் உட்சென்று குளியலை நிறைவு செய்தார் என்று வரலாறு கூறுகிறது.

உரையிலே மலர்ந்த உண்மை

இவர் யாத்த நூல்கள் பல. அஷ்ஷாமில் என்னும் மருத்துவப் பெருநூலை 300 தொகுதிகளாக எழுதத் திட்டமிட்டு 80 தொகுதிகளை முடித்தார். கண் மருத்துவம் பற்றித் தனிநூல் செய்தார். கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிசின் மருத்துவ வாசகங்களுக்கு உரை வரைந்தார். இப்னு சீனாவின் கானூன் என்னும் மருத்துவக் களஞ்சியத்தைச் சுருக்கி மூஜஸ் என்ற கைந்நூலாகத் தந்தார். இச்சுருக்க நூலும், இதற்குப் பின்னோர் எழுதிய உரைகளும் இந்திய யூனானி மருத்துவக் கல்வியிலும் பாடமாயின.

ஆயினும் இவர் பெயரை நிலைநிறுத்தியது, கானூனின் உடற்கூற்றுப் பகுதிகளைத் திரட்டி எழுதிய உரைநூலே. அதன் கையெழுத்துப் படி ஒன்று ஹிஜ்ரி 640ஆம் ஆண்டைச் (கி.பி. 1242) சேர்ந்தது. ஆகவே முப்பது வயதை ஒட்டிய இளமையிலேயே இவர் அதை எழுதியிருத்தல் வேண்டும்.

அதன் சிறப்பை உணர, அதற்கு முன்னிருந்த கொள்கையை அறிதல் வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவரை அரபியர் ஜாலீனூஸ் என்பர். உண்ட உணவு ஈரலில் இரத்தமாகிறது. அதில் ஒரு பகுதி இதயத்தின் வலப்பக்க அறையை அடைகிறது. இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே இரத்தம் இடப்பக்க அறைக்குக் கசிந்து, நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலந்து உயிராற்றலாகிறது என்பது அவர் கொள்கை. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக மருத்துவ உலகம் இதனை ஐயமின்றி ஏற்றது. மாமேதை இப்னு சீனாவும் இவ்வழியிலேயே சென்றார்.

இப்னு நஃபீஸ் இதனை மறுத்தார். இதயத்தின் நடுச்சுவர் கெட்டியானது; அதில் கண்ணுக்குத் தெரிந்த துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று தெளிவாக எழுதினார். அங்ஙனமாயின் இரத்தம் இடப்பக்கம் செல்வது எவ்வாறு? வலப்பக்க அறையிலிருந்து அது நுரையீரலுக்குச் செல்கிறது; அங்கே காற்றோடு கலந்து தூய்மை பெற்று, மற்றொரு குழாய் வழியே இதயத்தின் இடப்பக்க அறைக்குத் திரும்புகிறது என்று விளக்கினார். நுரையீரலில் அவ்விரு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருத்தல் வேண்டும் என்றும் கருதினார். உருப்பெருக்கியின் துணைகொண்டு இத்தாலிய அறிஞர் மால்பிகி 1661இல் நுண்குழாய்களைக் கண்டு காட்டும்வரை, எவர் கண்ணுக்கும் அவை தட்டுப்படவில்லை. இதயத்திற்கு மூன்று அறைகள் என்ற இப்னு சீனாவின் கூற்றையும் இவர் மறுத்து, இரண்டே என்றார். இதயத் தசைக்கு ஊட்டம் தருவன அதன் உடலிலேயே பரவியுள்ள குழாய்கள் என்றும் எழுதினார்.

இத்துணைப் பெரிய புரட்சி ஓர் உரைநூலின் உள்ளே நிகழ்ந்தது என்பதைத் தமிழ்த்துறை மாணவர் சிறப்பாக நோக்குதல் வேண்டும். உரையாசிரியர் என்பார் மூலத்திற்குப் பொருள் மட்டும் சொல்லிச் செல்பவர் என்று எண்ணுதல் தவறு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர், தமக்கு முன்னவரான இளம்பூரணரை இடந்தோறும் மறுத்துச் செல்வதை நாம் வகுப்பறையில் கற்கிறோம். மறுப்பதற்கு முன் முன்னவர் கூற்றை முழுதும் கற்றுத் தெளிந்திருத்தல் உரைமரபின் ஒழுங்கு. இப்னு நஃபீஸ் அவ்வொழுங்கில் நின்றவர். இப்னு சீனாவின் நூலைச் சுருக்கினார், விளக்கினார், பாடம் சொன்னார். பிழை கண்ட இடத்தில் தயங்காது திருத்தினார். அவருடைய மதிப்பும் மறுப்பும் ஒன்றுக்கொன்று பகையாக இல்லை.

ஈண்டு ஒன்றைக் கூறுதல் கடமையாகும். நம்மவர் மேடைகளில், இரத்த ஓட்டம் முழுவதையும் கண்டுபிடித்தவர் இவரே என்று முழங்குவது உண்டு. அது உண்மைக்குச் சற்று மிகையானது. இவர் கண்டது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடையிலான ஓட்டத்தை. உடல் முழுவதும் இரத்தம் சுற்றிவருகிறது என்பதை 1628இல் நூலாக வெளியிட்டு நிறுவியவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி. நுரையீரல் வழி ஓட்டத்தை ஐரோப்பாவில் ஸெர்வீட்டஸ் 1553இலும் கொலம்போ 1559இலும் எழுதினர். அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னரே இப்னு நஃபீஸ் அதனை எழுதிவிட்டார் என்பதே போதிய பெருமை. அவர்கள் இவர் கருத்தை அறிந்து எழுதினரா, தாமே கண்டனரா என்பது பற்றி அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. பிழையைத் திருத்துவதற்கென்றே உரை எழுதியவரின் பெயரால் நாம் பிழை பேசலாகாது.

மார்க்கமும் ஆய்வும்

உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து ஷரீஅத்தும் தம் உள்ளத்திலுள்ள இரக்கமும் தம்மைத் தடுத்தன என்று தம் உரையின் தொடக்கத்தில் இவர் எழுதியுள்ளார். ஆயினும் முன்னோர் கூற்றை மறுக்கும் இடத்தில் உடற்கூற்றையே சான்றாகவும் காட்டுகிறார். விலங்குகளை அறுத்துப் பார்த்தாரா, முன்னோர் தந்த செய்திகளை வைத்து அறிவால் ஆராய்ந்தே இம்முடிவுக்கு வந்தாரா என்பதில் ஆய்வாளர் வேறுபடுவர்.

மார்க்கம் அறிவியலுக்குத் தடையாயிற்று என்று கூறுவோர் இவ்விடத்தைச் சுட்டுவர். மார்க்கப்பற்று இருந்தும் ஆய்வில் வென்றார் என்று வேறு சிலர் பரிந்து பேசுவர். இரண்டும் முழு உண்மை அல்ல. நஹ்யான் ஃபான்சி என்னும் வரலாற்றறிஞர் 2013இல் வெளியிட்ட ஆய்வுநூல் மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. ஆன்மா முதன்மையாக இதயத்தோடும், அங்கு உண்டாகும் உயிராற்றலோடும் தொடர்புடையது என்பது முன்னைய தத்துவவாதிகளின் கருத்து. இப்னு நஃபீஸ் அதனை ஏற்கவில்லை. ஆன்மா உடல் முழுமையோடும் தொடர்புடையது என்றார். மறுமையில் மனிதர் உடலோடு எழுப்பப்படுவர் என்னும் இஸ்லாமிய நம்பிக்கையை அறிவு வழியில் விளக்க முனைந்தபோது இத்தெளிவை அவர் அடைந்தார். அத்தெளிவே, இதயம் பற்றிய பழங்கொள்கையை அடியிலிருந்து ஆராயும் துணிவையும் தந்தது என்பது அவ்வாய்வின் சாரம். இவர் வாழ்வில் மார்க்கச் சிந்தனை ஆய்வுக்கு வெளியே நிற்கவில்லை. ஆய்வின் உள்ளேயே இயங்கியது.

தீவில் தோன்றிய காமில்

இச்சிந்தனையை இவர் கதை வடிவிலும் தந்தார். அந்தலூஸில் வாழ்ந்து 1185இல் மறைந்த இப்னு துஃபைல், ஹய்யு இப்னு யக்ளான் என்னும் கதையை எழுதியிருந்தார். ஆளில்லாத் தீவில் தனியே வளரும் ஒருவன் தன் அறிவொன்றாலேயே பேருண்மைகளை எட்டுவதாக அமைந்தது அது. அதற்கு விடைபோல் இப்னு நஃபீஸ் எழுதியது ஃபாளில் இப்னு நாத்திக் கூறும் காமிலின் கதை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு பற்றிய நூல் என்றே அதற்குப் பெயர் சூட்டினார்.

தீவின் குகையொன்றில் இயற்கையாகத் தோன்றுகிறான் காமில். கண்டும் கேட்டும் தொட்டும் உலகை அறிகிறான். விலங்குகளின் உடலுறுப்புகளை ஆராய்கிறான். படைப்பின் ஒழுங்கிலிருந்து படைத்தவனை உணர்கிறான். இதுவரை ஹய்யின் வழியே. ஒருநாள் காற்றில் அலைப்புண்ட கப்பலொன்று கரை சேர்கிறது. அதில் வந்தோர் சமைத்த உணவும் உடையும் தருகின்றனர். அப்போதுதான், மனிதன் தனித்து நன்கு வாழவியலாது என்பதைக் காமில் உணர்கிறான். ஒருவர் உழ, ஒருவர் நெய்ய, ஒருவர் சமைக்க வேண்டும். கூடி வாழ்வோர்க்குப் பொதுச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தை இறைவனிடமிருந்து கொணரும் தூதர் வேண்டும் என்று படிப்படியாக அறிவு செல்கிறது. தனியறிவின் உச்சியில் ஹய்யு நிற்க, சமுதாயத்தின் நடுவே வந்து நிற்கிறான் காமில். இறுதிப் பகுதியில் உடலோடு எழுப்பப்படுதலும் உலகின் முடிவும் ஆராயப்படுகின்றன. நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவர் மரபில் வந்த நமக்கு, அவ்வரலாற்றின் இன்றியமையாமையை ஒரு மருத்துவர் கதையால் நிறுவியது இன்பம் தரும் செய்தியாகும்.

நோயாளர் முன் மருத்துவர்

மருத்துவராக இவர் கைக்கொண்ட நெறி எளிமையானது. உணவால் தீருமாயின் மருந்து தரமாட்டார்; தனி மருந்தால் தீருமாயின் கூட்டு மருந்து தரமாட்டார். மருந்து என்னும் அதிகாரத்தில் உண்ணும் முறையையே பெரிதும் பேசிய வள்ளுவர் நெறியோடு இஃது ஒத்து வருவது நமக்கு வியப்பளிக்கும். ஆனால் இந்நெறியால் மருந்துக் கடைக்காரரிடம் இவருக்குப் பெரும்பெயர் கிடைத்திருக்க நியாயமில்லை!

ஒருமுறை எழுத்தர் ஒருவர் தம் கையில் ஏற்பட்ட பிடிப்பைப் பற்றி இவரிடம் முறையிட்டார். தமக்கும் அதே தொல்லை உண்டு என்றார் இப்னு நஃபீஸ். அப்படியானால் எதைக் கொண்டு மருத்துவம் செய்வது என்று அவர் வினவ, இறைவன் மீது ஆணையிட்டு, அது தமக்குத் தெரியாது என்று கூறிவிட்டார். நாட்டின் தலைமை மருத்துவர், நூறு நூல் எழுதும் ஆற்றலுடையவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசவில்லை. ஆயிரம் ஆண்டுக் கொள்கையை மறுத்த அதே நேர்மைதான் இங்கும் பேசிற்று. தம் அறியாமையை ஒப்ப அஞ்சுபவர் பிறர் பிழையையும் காணமாட்டார்.

இறுதி நாட்கள்

சுல்தான் கலாவூன் அமீராக இருந்த காலத்தில் திமிஷ்கில் நோயுற்று, நூரி மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்தார். அரசுரிமை கிடைத்தால் அதுபோன்றதொரு மருத்துவமனை எழுப்புவதாக நேர்ந்துகொண்ட அவர், 1284இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனையைக் கட்டினார். ஆண் பெண், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி அனைவர்க்கும் அங்கே மருத்துவம் வழங்கப்பட்டது. காய்ச்சல், கண்நோய், அறுவை என நோய்க்கேற்பத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வாழ்ந்த இப்னு நஃபீஸ் கடும் நோயுற்று ஆறு நாட்கள் கிடந்தார். சூழ்ந்திருந்த மருத்துவ நண்பர்கள் சிறிது மதுவை மருந்தாக அருந்துமாறு வேண்டினர். வயிற்றில் மதுவோடு தம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று கூறி மறுத்துவிட்டார். மருத்துவம் அறியாதவரின் பிடிவாதம் அன்று இது. அம்மருந்தின் பயனையும், தம் நோயின் போக்கையும் பிறரினும் நன்கு அறிந்தவர் அவர். அறிந்தே எடுத்த முடிவு. பிறர்மேல் சுமத்தாது தம் உடலின்மேல் மட்டும் எடுத்த முடிவு. நோய்க்கு மருந்து எது என்பதை மருத்துவ நூல் சொல்லும்; எவ்வாறு இறத்தல் வேண்டும் என்பதை ஒரு மனிதரின் நம்பிக்கையே சொல்லும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. நோயாளரின் உள்ளத்தையும் நம்பிக்கையையும் மதித்து மருத்துவம் செய்தல் வேண்டும் என்று இன்று உலகெங்கும் வலியுறுத்துகின்றனர். அப்பாடத்தை இம்மருத்துவர் தாமே நோயாளராகிக் கற்பித்துச் சென்றார்.

ஹிஜ்ரி 687, துல்கஃதா 21, வெள்ளிக்கிழமை (17.12.1288) அன்று இவர் இறையடி சேர்ந்தார். தம் இல்லத்தையும் நூல்களையும் பிற உடைமைகளையும் மன்சூரி மருத்துவமனைக்கே வக்ஃபாக விட்டுச் சென்றார். ஆசிரியர் திமிஷ்கில் செய்ததை மாணவர் கெய்ரோவில் செய்தார்.

மறதியும் மீட்பும்

இவரது நுரையீரல் கொள்கையைப் பின்வந்த உரையாசிரியர் சிலர் எடுத்துரைத்தனர். எனினும் மருத்துவக் கல்வி மூஜஸையே பெரிதும் போற்றியது. உடற்கூற்று உரை நூலகங்களில் உறங்கியது. 1924இல் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய இளம் மருத்துவர், பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் படியைப் படித்து, ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டால் இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் மேயர்ஹாஃப் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து உலகறியச் செய்தார். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்த ஏட்டை மீட்டது, அதன் மொழியும் பொருளும் இரண்டும் அறிந்த ஒரு மாணவரே என்பதை நம் மாணவர் மறத்தல் ஆகாது. அரபு மட்டும் கற்றிருந்தால் அவருக்கு இதயம் புரிந்திராது. மருத்துவம் மட்டும் கற்றிருந்தால் ஏடு புரிந்திராது.

நம் ஊர்களில் பழைய வீடுகளின் பரண்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் அரபுத்தமிழ் ஏடுகளும் பழம்பிரதிகளும் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றுள் என்ன உள்ளது என்பதைப் படித்தாலன்றி யாரே அறிவார்? முன்னோர் பெருமையை மேடையில் பேசுதல் எளிது. அவர் ஏட்டைத் தூசு தட்டிப் படிப்பதும், படித்ததை ஆராய்வதும், பிழை கண்டால் பணிவோடு திருத்துவதும், தெரியாததைத் தெரியாது என்பதுமே இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களுக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றியாகும். அத்தகைய மாணவர் இக்கல்லூரியிலிருந்து தோன்ற வல்ல இறைவன் அருள்புரிவானாக!